கண்டக்கழலையும் கறியுப்பும்

உணவுக்குச் சுவை தரும் பொருள்களுள் உப்பே தலையாயது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நாட்டு வழக்கு. ஊடலின் அளவை உணர்த்தப் புகுந்த திருவள்ளுவர் உப்பையே அதற்கு உவமையாக எடுத்தாண்டார். உப்பு அளவாக அமைதல் வேண்டும், சிறிது மிகினும் சுவை கெடும் என்பது அவ்வுவமையின் கருத்து. சமையற்கட்டில் எழுந்த அவ்வுண்மை மருத்துவ வரலாற்றின் ஒரு பகுதிக்கும் முற்றப் பொருந்துவதாயிற்று. மலைநாட்டு மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாகக் கழுத்திற் சுமந்து வந்த ஒரு நோய்க்கு மருந்து 1820ஆம் ஆண்டிலேயே கைக்கு எட்டியது. ஆயினும் அம்மருந்தினால் அந்நோயைத் தடுத்தற்கு மேலும் நூறாண்டு சென்றது. மருந்து இன்னதென்று அறியாமையால் நேர்ந்த தாமதம் அன்று அது. அம்மருந்தில் எத்துணைச் சிறிது போதும் என்பதை அறியாமையால் நேர்ந்த தாமதமேயாம்.

கண்டக்கழலை என்பது கழுத்தின் முற்பக்கத்தே குரல்வளைக்குக் கீழே அமைந்துள்ள தைரொயிட்டுச் சுரப்பி பருத்துத் தொங்குவதாகிய நோய். வண்ணத்துப்பூச்சியின் விரித்த சிறகுபோன்ற இச்சுரப்பி உடலின் வளர்ச்சியையும், வெப்பத்தையும், மூளையின் முதிர்வையும் நெறிப்படுத்தும் சுரப்புநீரை ஆக்கி இரத்தத்திற் கலக்கின்றது. அச்சுரப்புநீரை ஆக்குதற்கு இன்றியமையாத மூலப்பொருள் அயடீன். அயடீன் போதாதவிடத்துச் சுரப்பியானது கிடைக்கும் சிறு அளவையும் தப்பவிடாது பற்றிக்கொள்ளும் பொருட்டுத் தன் உடலைப் பெருக்கிக்கொள்கின்றது. ஆகவே கழலையைச் சுரப்பியின் குற்றமாகக் கொள்ளுதல் தகாது. வறுமையுற்ற இல்லத்தாள் இருப்பதைக் கொண்டு குடும்பத்தை நடத்த முயல்வதை ஒத்ததோர் முயற்சியாகவே அதனைக் கொள்ளுதல் தகும்.

கழலையின் கொடுமை கண்ணுக்குத் தெரிவது. அதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாது கருவிலேயே நிகழ்வது. தாயின் உடலில் அயடீன் குன்றியிருப்பின் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை தக்கவாறு வளர்வதில்லை. குறைபாடு மிக்கவிடத்துப் பிறக்கும் குழந்தை வளர்ச்சி குன்றி, அறிவு மழுங்கி, செவியும் பேச்சும் இன்றி வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்திருக்க நேரும். இந்நிலையைக் கிறெற்றினிசம் என வழங்குவர். பிறந்தபின் எத்துணை அயடீன் ஊட்டினும் இழந்த அறிவு மீள்வதில்லை. குறைபாடு அத்துணைக் கடியதாகாத ஊர்களிலோ, நோயாளர் எனச் சொல்லத்தக்கவர் ஒருவரேனும் இலராய் இருக்கவும், ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் தமக்கு உரிய கூர்மையிற் சிறிது குன்றியவராகவே வளர்தல் கூடும். ஒப்பிட்டு நோக்குதற்கு வேறு பிள்ளைகள் இல்லாமையால் அவ்வூரார் அக்குறையை அறிவதுமில்லை.

நிலத்தில் அயடீன் குன்றுதற்குக் காரணம் நீர். மண்ணிலுள்ள அயடீன் உப்புக்கள் எளிதிற் கரைவன. பனிக்கட்டியாறுகள் மலைகளை அரித்து உருகியோடிய பண்டைக் காலத்தும், பின்னர்ப் பெருமழையும் வெள்ளமும் நிலத்தைக் கழுவியபோதும் அவை கரைந்து கடலைச் சேர்ந்தன. கடலினின்றும் ஆவியாகி எழும் சிறுபகுதி மழையோடு நிலத்துக்கு மீளினும், இழந்ததை ஈடுசெய்ய அது போதாது. அதனாலேயே அல்ப்சு, இமயம், அந்தீசு முதலிய மலைநாடுகளும், பேராறுகள் அடிக்கடி பெருகிப் பாயும் சமவெளிகளும் இந்நோய்க்கு உறைவிடமாயின. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பயிர்களுக்கு அயடீன் தேவையில்லை. அயடீனற்ற நிலத்திலும் நெல்லும் கோதுமையும் செழித்தே வளரும். இலை வாடாது, கதிர் சாவியாகாது. நைதரசனோ பொசுபரசோ குன்றின் பயிர் தன் வாட்டத்தால் உழவனுக்கு உணர்த்தும். அயடீன் குன்றின் உணர்த்துவது உழவனின் மகளது கழுத்தே.

ஐரோப்பாவில் இந்நோய் மிக்கிருந்த நாடு சுவிற்சர்லாந்து. அதன் தென்பகுதியிலுள்ள வலே மாகாணத்தில் நெப்போலியன் காலத்தெடுத்த கணக்கில் ஏறக்குறைய 70,000 மக்களுள் 4,000 பேர் கிறெற்றினிசத்தால் தாக்குண்டவர் எனக் காணப்பட்டது. படைக்கு ஆளெடுக்குங்கால் கழலையின் பருமனால் சட்டைக் கழுத்துப் பூட்ட இயலாதோரும் மூச்சுத் தடைப்படுவோரும் ஆண்டுதோறும் விலக்கப்பட்டனர். பாடசாலைப் பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்குக் கழுத்துப் பருத்திருந்த ஊர்களும் உள. அவ்வூர்களில் அஃது இயல்பான தோற்றமாகவே கொள்ளப்பட்டது.

அயடீன் என்னும் மூலகத்தை 1811இல் முதன்முதற் கண்டவர் பிரான்சிய இரசாயனியான கூர்த்துவா என்பவர். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைத் தயாரிக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், கடற்பாசிச் சாம்பலினின்றும் ஊதாநிற ஆவி எழக் கண்டார். ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே அயடீன் என்னும் பெயர் பிறந்தது. கடற்பாசியையும் கடற்பஞ்சையும் எரித்த சாம்பலைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தல் அந்நாளைய மருத்துவரிடை நெடுங்காலமாக நிலவிய வழக்கம். இவ்விரண்டையும் இணைத்து நோக்கியவர் ஜெனீவா நகரத்து மருத்துவரான குவண்டே. சாம்பலின் பயன் அதிலடங்கிய அயடீனாலாயது எனக் கருதிய அவர், 1820இல் அயடீனை மதுசாரத்திற் கரைத்துத் தம் நோயாளர்க்குக் கொடுத்தார். பல ஆண்டு வளர்ந்த கழலைகளும் சில கிழமைகளிற் சுருங்கின.

அச்செய்தி பரவியதும் ஜெனீவா மக்கள் மருத்துவரைக் கேளாமலே மருந்தை வாங்கி அருந்தத் தொடங்கினர். விளைவு விபரீதமாயிற்று. உடல் மெலிதல், நெஞ்சு படபடத்தல், கைந்நடுக்கம், உறக்கமின்மை ஆகியன பலர்க்கு உண்டாயின. நெடுங்காலம் அயடீனின்றிப் பழகிய சுரப்பிக்குத் திடீரெனப் பேரளவில் அயடீன் கிடைத்தபோது, அது சுரப்புநீரை அளவின்றிப் பெருக்கியதே காரணமென்பது பின்னாளில் விளங்கிற்று. அன்று கொடுக்கப்பட்ட அளவு உடலுக்கு உண்மையில் வேண்டியதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மிகுதியாகும். மருத்துவருட் பலர் அயடீன் நஞ்சு என்று ஒதுக்கினர். நல்ல மருந்தொன்று தன் மிகையாலேயே பெயர் கெட்டது.

இத்தகைய மருந்தை உப்பின் வழியாக மக்கட்கு ஊட்டலாம் என்னும் எண்ணம் தென்னமெரிக்காவிற் பிறந்தது. இன்று கொலம்பியா என வழங்கும் நாட்டிற் பணியாற்றிய பூசிங்கோ என்னும் பிரான்சிய இரசாயனி, சில ஊற்றுக்களிலிருந்து எடுத்த உப்பை உண்ணும் ஊரார்க்குக் கழலை இன்மையையும், வேறு உப்பை உண்ணும் ஊரார்க்கு அது மிக்கிருத்தலையும் கண்டார். முன்னைய உப்பில் இயற்கையாகவே அயடீன் கலந்திருந்தது. 1833இல் அவர், அயடீன் கலந்த உப்பை அரசாங்கம் மக்களுக்கு வழங்குதல் நன்றென எழுதினார். அதன்பின் பிரான்சில் சத்தேன் என்பார் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் அயடீனை ஆண்டுக்கணக்காக அளந்து, அது குன்றிய பகுதிகளிலேயே கழலை உண்டென நிறுவ முயன்றார். அறிஞர் கழகம் அக்கொள்கையை ஏற்கவில்லை. எனினும் 1860களில் பிரான்சின் சில மாவட்டங்களில் அயடீன் கலந்த உப்பு வழங்கப்பட்டது. ஆங்கும் பழைய பிழையே நேர்ந்தது. பிற்காலத்தில் சுவிற்சர்லாந்து மேற்கொண்ட அளவினும் பன்மடங்கு மிகுதியாக அயடீனைச் சேர்த்தமையாற் கேடுகள் தோன்றவே, அம்முயற்சி கைவிடப்பட்டது.

இனி, சத்திரவைத்தியம் கற்பித்த பாடமும் ஒன்றுண்டு. பேர்ண் நகரத்துச் சத்திரவைத்தியர் தியோடர் கொக்கர் கழலையை வெட்டியகற்றுவதிற் பெருந்திறமை எய்தியவர். அத்துறையில் ஆற்றிய பணிக்காக 1909இல் நோபெல் பரிசு பெற்றவர். ஆயின் சுரப்பி முழுவதையும் அகற்றிய நோயாளரிற் பெரும்பாலோர், காலஞ் செல்லச்செல்ல முகம் வீங்கி, நடை தளர்ந்து, அறிவு மங்கி, கிறெற்றினிசம் உற்றோர் போன்று ஆயினர் என்பதை அவரே 1883இல் வெளிப்படுத்தினார். தம் கைவண்மையால் விளைந்த கேட்டைத் தாமே அறிவித்த அச்செயல் போற்றத்தக்கது. பயனற்றதென எண்ணப்பட்ட ஓர் உறுப்பு அறிவுக்கே ஆதாரமானது என்பது அதனால் தெளிவாயிற்று. யேர்மனியைச் சேர்ந்த பவுமன் 1895–96இல் அச்சுரப்பியினுள் அயடீன் இருத்தலைக் கண்டறிந்தார். அதனோடு சான்றுச் சங்கிலி முழுமை பெற்றதெனலாம். ஆயினும் கிருமியோ, குடிநீரிலுள்ள நஞ்சோ கழலைக்குக் காரணம் எனக் கருதியோர் இருபதாம் நூற்றாண்டிலும் பலராக இருந்தனர்.

அளவு பற்றிய வினாவைத் தலைகீழாக்கி வினவியவர் பெருநகரப் பேராசிரியர் எவருமல்லர். சுவிற்சர்லாந்தின் சிற்றூர் மருத்துவர் இருவரே. சூரிச் நகர்க்கு அணித்தான ஊரொன்றில் மருத்துவம் புரிந்த ஹுன்சிக்கர் 1914இல் நிகழ்த்திய விரிவுரையிற் கழலையானது அயடீன் குன்றிய உணவுக்கு உடல் தன்னைப் பொருத்திக்கொள்ளும் முறையே என்றார். உடலுக்கு வேண்டுவது கிராம் கணக்கான அயடீன் அன்று, அதனினும் பல்லாயிரத்தில் ஒரு பங்கான நுண்ணளவே என்பது அவர் கொள்கை. முன்னையோர் நோயைத் தீர்த்தற்கு எவ்வளவு வேண்டும் என வினவினர். இவரோ நோய் வராது காத்தற்கு எவ்வளவு போதும் என வினவினார்.

அவ்வினாவுக்கு விடை தேடியவர் ஒட்டோ பயாட். வலே மாகாணத்தில், ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்திலுள்ள கிறேக்கன் என்னும் மலையூரில் பிள்ளைகளிற் பெரும்பான்மையோர் கழலையுடையவர். பயாட் உப்பைக் குவித்து, அதனுடன் பொட்டாசியம் அயடைட்டை அளந்து சேர்த்து, மண்வாரியால் தாமே புரட்டிக் கலந்து, கோவேறு கழுதையின்மேல் ஏற்றி அவ்வூருக்கு அனுப்பினார். 1918ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் ஐந்து குடும்பங்கள் அவ்வுப்பை உண்டன. குடும்பத்துக்குக் குடும்பம் அளவு வேறு. யாவும் ஒரு கிலோகிராம் உப்புக்குச் சில மில்லிகிராம் என்னும் சிற்றளவே. மாதங்கள் சிலவற்றுள் பிள்ளைகளின் கழுத்து மெலிந்தது. எவர்க்கும் தீங்கு நேரவில்லை. ஆய்கூடமோ பொருளுதவியோ இன்றி, ஒரு மண்வாரியும் ஒரு கழுதையும் கொண்டு நடத்திய இச்சிறு சோதனை, நூறாண்டாக மருத்துவ உலகைத் தடுமாறச்செய்த சிக்கலை அவிழ்த்தது. கற்றோர் சபைகளின் வாதங்கள் சாதியாததை இது சாதித்தது என்பது மிகையாகாது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து அக்குறன் நகரில் மரீன், கிம்பல் என்னும் மருத்துவர் இருவர் 1917 தொடக்கம் பாடசாலைச் சிறுமியரிடை ஒரு பெருஞ் சோதனையை நடத்தினர். விரும்பிய சிறுமியர்க்கு ஆண்டுக்கு இருமுறை சோடியம் அயடைட்டுக் கொடுக்கப்பட்டது. இயல்பான கழுத்துடையராய் அம்மருந்தை உட்கொண்ட 2,190 பேருள் ஐவர்க்கே சுரப்பி பருத்தது. உட்கொள்ளாத 2,305 பேருள் 495 பேர்க்குப் பருத்தது. தொகை சிறிதே அறிந்தவர்க்கும் இக்கணக்கின் பொருள் விளங்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து 1924இல் அயடீன் உப்பு விற்பனைக்கு வந்தது இச்சோதனையின் பயனே.

சான்று கிடைத்தாயிற்று, எனினும் அதனை மக்களின் உண்கலத்துக்குக் கொண்டு செல்லுதல் வேறொரு வேலை. அதனை மேற்கொண்டவர் ஹான்ஸ் எக்கன்பேகர். அப்பன்செல் அவுசர்றோடன் என்னும் சிறு மாகாணத்தின் ஹெறிசாவு நகரத்து மருத்துவமனையின் தலைமை மருத்துவரான அவர், பயாட்டின் முடிவுகளைக் கேட்டதும் ஊர்தோறும் சென்று விரிவுரை நிகழ்த்தினார். மக்களிடம் கையொப்பம் திரட்டி மாகாண அரசுக்கு விண்ணப்பித்தார். சுவிற்சர்லாந்தில் உப்பு விற்கும் தனியுரிமை மாகாண அரசுகளுக்கே உரியது. ஆகையால் அரசு இசைந்தால் உப்பளத்திலேயே கலவை செய்து கடைதோறும் அனுப்புதல் எளிதாயிற்று. 1922ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்மாகாணத்தில் அயடீன் உப்பு விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே கழலை பற்றி ஆராய்தற்கு அமைக்கப்பட்ட நாட்டுக் குழுவும் ஏனைய மாகாணங்கள் இதனை மேற்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. ஒரு கிலோகிராம் உப்புக்கு 5 மில்லிகிராம் பொட்டாசியம் அயடைட்டு என்பது குழு விதித்த அளவு. அதிலடங்கிய அயடீன் 3.75 மில்லிகிராமே.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. ஆர்காவு மாகாணத்துச் சத்திரவைத்தியர் பீர்க்கர் அயடீன் உப்பை வன்மையாக மறுத்தார். முதியோரின் கழலைக்கு அயடீன் தீங்கு செய்யும் என்ற அவரது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. குவண்டேயின் நோயாளர்க்கு நேர்ந்ததை மருத்துவ உலகம் மறக்கவில்லை. அயடீன் உப்பும் அயடீனற்ற உப்பும் அருகருகே விற்கப்பட்டன. விரும்பியதை வாங்கும் உரிமை மக்களுக்கு இருந்தது. இவ்வுரிமையே எதிர்ப்பைத் தணித்ததெனலாம். ஆர்காவு மாகாணம் எல்லா மாகாணங்களுக்கும் இறுதியாக 1952இலேயே அயடீன் உப்பை ஏற்றது. முப்பது ஆண்டு பிந்தியமையால் அம்மாகாணத்துப் பிள்ளைகள் இழந்தது எவ்வளவு என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

விளைவு விரைந்து தோன்றிற்று. அயடீன் உப்பை உண்ட தாயர் பெற்ற குழந்தைகளிடம் பிறவிக் கழலை மறைந்ததை எக்கன்பேகர் சில ஆண்டுகளிலேயே கண்டார். பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்து இயல்பு நிலைக்கு வந்தது. செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலைகளிற் சேர்வோர் தொகை குறைந்தது. 1930களின் பின் பிறந்தோரிடை அந்நாட்டுக்கே உரியதாக எண்ணப்பட்டிருந்த கிறெற்றினிசம் காணப்படவில்லை. ஒரு நாட்டின் மக்கட்டொகையையே பீடித்திருந்த நோய், ஒரு தலைமுறைக்குள், உப்புச்சாடியின் வழியாக நீங்கிற்று.

சுவிற்சர்லாந்தின் அனுபவத்தில் ஐயுறுவோர்க்கு ஓர் இடம் இருந்தது. வாழ்க்கைத்தரமும் உணவும் உயர்ந்தமையாலேயே கழலை மறைந்தது என அவர் வாதிக்கலாம். அவ்வையத்தை நீக்கியது இமயமலைச் சாரலிற் காங்கிறாப் பள்ளத்தாக்கில் இராமலிங்கசுவாமி என்னும் இந்திய மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 1956இல் தொடங்கிய ஆய்வு. ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழும் அப்பகுதியை மூன்று வலயங்களாகப் பிரித்து, ஒன்றுக்குப் பொட்டாசியம் அயடைட்டுச் சேர்ந்த உப்பும், மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயடேற்றுச் சேர்ந்த உப்பும், எஞ்சியதற்கு வெறும் உப்பும் வழங்கினர். தொடக்கத்திற் பிள்ளைகளுள் நூற்றுக்கு 38 பேர் அளவிற் கழலையுற்றிருந்தனர். ஆறாண்டுக்குப்பின் முதலிரு வலயங்களிலும் அத்தொகை பாதியும் அதனிற் குறைந்ததுமாயிற்று. வெறும் உப்பைப் பெற்ற வலயத்தில் மாற்றமில்லை. மண்ணும் மலையும் வறுமையும் மூன்றிற்கும் ஒன்றே. வேறுபட்டது உப்பு மாத்திரமே. 1962இன் பின் எஞ்சிய வலயத்துக்கும் அயடீன் உப்பு வழங்கப்பட்டு, ஆங்கும் நோய் குறைந்தது. மறுக்கவொண்ணாத சான்றைத் தேடித் தந்தவர் அவ்வலயத்து மக்களே. அதன்பொருட்டு ஆறாண்டு அவர்தம் பிள்ளைகள் காத்திருக்க நேர்ந்தமையையும் வரலாறு மறைத்தல் ஆகாது.

மூளைக்கு நேரும் கேடு கருவிலேயே விளைவது என்பதற்கு நியூகினியின் மலைப்பள்ளத்தாக்கொன்றில் 1966இல் தொடங்கிய ஆய்வு சான்றாகும். அயடீன் கலந்த எண்ணெயை ஊசிமூலம் பெற்ற தாயரின் 498 பிள்ளைகளுள் 7 பேர்க்கும், பெறாத தாயரின் 534 பிள்ளைகளுள் 26 பேர்க்கும் கிறெற்றினிசம் காணப்பட்டது. அவ்வெழுவருள் அறுவர் ஊசி ஏறுமுன்பே தாய் வயிற்றில் இருந்தவர். கருவுறுமுன்பே தாயின் உடலில் அயடீன் நிறைந்திருத்தல் வேண்டும் என்பதும், நோயைக் கண்டபின் மருந்து தேடுதல் இங்கே காலங்கடந்த செயல் என்பதும் இதனாற் பெறப்படும். நாள்தோறும் எல்லோரும் உண்ணும் பொருளில் அயடீனைச் சேர்க்க வேண்டியதன் காரணம் இதுவே. செல்வரும் வறியரும் ஏறக்குறைய ஒரே அளவிற் கொள்வதும், ஒருநாளும் தவறாது கொள்வதும் உப்பொன்றே.

இந்நோய் மலைநாடுகளுக்கே உரியது என்னும் எண்ணத்தை ஈழநாடு பொய்ப்பித்தது. நான்குபுறமும் கடல் சூழ்ந்த இத்தீவின் தென்மேற்கு ஈரவலயத்திலே கண்டக்கழலை நெடுங்காலம் பரவியிருந்தது. கடற்கரையை உடைய களுத்துறை மாவட்டமும் அதற்கு விலக்கன்று. இடையறாத பெருமழை அங்குள்ள மண்ணின் அயடீனைக் கழுவிச் சென்றமையே காரணம். மழை குறைந்த வரண்ட வலயத்தின் நிலத்தடி நீரில் அயடீன் ஒப்பளவிற் கூடுதலாயிருத்தலின் ஆங்கு இந்நோய் குறைவு. 1980களின் பிற்பகுதியிற் பாடசாலைப் பிள்ளைகளிடை நிகழ்ந்த பேராய்வில், ஐவருள் ஒருவர் என்னும் அளவிற்கு அணித்தாகக் கழலையுற்றோர் காணப்பட்டனர். 1995 முதல் மக்கள் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்த்தல் இந்நாட்டிற் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர், 2005இல், சேர்க்கவேண்டிய அளவு குறைக்கப்பட்டது. மிகையைத் தவிர்க்கும் கவலை இங்கும் தொடர்ந்ததெனலாம்.

உப்பு விளையும் கரையோர மக்களிடை ஒரு தப்பெண்ணம் உண்டு. கடலில் அயடீன் இருத்தலால் கடலுப்பிலும் அது நிறைந்திருக்கும் என்பது அவ்வெண்ணம். கணக்கிட்டு நோக்கின் உண்மை புலப்படும். ஒரு லீற்றர்க் கடல்நீரில் அயடீன் ஏறக்குறைய 60 மைக்கிரோகிராம். மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்திலக்கத்தில் ஒரு பங்கு. அந்நீரிலுள்ள உப்புப்பொருள்கள் 35 கிராம் அளவின. அயடீன் முழுவதும் உப்பிலேயே தங்கினும், ஒருவர் நாள்தோறும் உண்ணும் 10 கிராம் உப்பிற் கிடைப்பது 17 மைக்கிரோகிராமே. வளர்ந்தவர் ஒருவர்க்கு வேண்டுவதோ 150 மைக்கிரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. அந்தச் சிறு அளவும் முழுமையாகத் தங்குவதில்லை. பாத்தியில் உப்பு விளைந்தபின் வடித்தகற்றும் கசப்பு நீரோடு அயடீனிற் பெரும்பகுதி கழிகின்றது. கடல் தந்ததை உப்பளத்தில் இழந்து, பின்னர் அளந்து சேர்க்க வேண்டியிருத்தல் விந்தையே. தூத்துக்குடி உப்பளங்களையுடைய தமிழ்நாடு, அயடீன் உப்பை உண்ணுவதில் இந்தியாவின் ஏனைய மாநிலங்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் பின்னின்றமைக்குக் காரணம், வீட்டு வாயிலிலேயே மலிவாகக் கிடைத்த வெறும் கல்லுப்பே.

எழுபதாண்டு வாழ்நாள் முழுவதற்கும் ஒருவர்க்கு வேண்டிய அயடீனை ஒருங்கே சேர்ப்பின் அது நாலு கிராம் அளவே. ஒரு தேக்கரண்டியும் நிரம்பாது. ஆயின் அதனை ஒரே நாளில் உண்டு சேமித்து வைத்தல் இயலாது. உடல் தேக்கிவைக்கும் அயடீன் 15 அல்லது 20 மில்லிகிராமே. ஆகவே சிறிது சிறிதாக, நாள்தவறாது கொள்ளல் வேண்டும்.

வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் உப்புடன் சேர்ப்பது பொட்டாசியம் அயடேற்று. சுவிற்சர்லாந்து முதலிற் கையாண்ட அயடைட்டு, ஈரக்காற்றிற் சிதைந்து அயடீன் ஆவியாகப் பறந்துவிடும். அயடேற்று நெடுநாள் நிலைக்கும். அயடேற்றினும் இழப்பு முற்றாக இல்லாமலில்லை. அடுப்படிப் புகட்டில் வெந்தணலின் அருகே மூடியின்றி இருக்கும் உப்புச்சாடியும், அழுக்கு நீங்குமென்று கல்லுப்பைக் கழுவி உலர்த்தும் பழக்கமும் அயடீனை வீணாக்குவன. உப்பை மூடிய பாத்திரத்தில் வெயிலும் ஈரமும் படாது வைத்து, கறி வெந்து இறக்கும் தறுவாயில் இடுதல் நன்று.

அயடீன் உப்பு நோயைத் தடுக்கின்றது, நிலத்தைத் திருத்துவதில்லை. கழுவுண்ட மண் கழுவுண்டபடியே கிடக்கின்றது. உப்பு நின்றால் நோய் மீளும். குவாட்டமாலா நாடு 1950களில் அயடீன் உப்பைச் சட்டமாக்கிக் கழலையைப் பெரிதும் குறைத்தது. பின்னர் உள்நாட்டுப் போரினிடையே மேற்பார்வை தளரவே, 1980களில் அது மீண்டும் தலைதூக்கிற்று. சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் அதன் பகுதிகளிலும் அவ்வாறே நேர்ந்தது. இந்தியாவில் அயடீனற்ற உப்பை உணவுக்கு விற்றலுக்கிருந்த தடை 2000இல் நீக்கப்பட்டு, சில ஆண்டுகளுள் மீண்டும் விதிக்கப்பட்டது. உண்பொருளிற் கட்டாயம் கூடுமா என்பதும், சிற்றளவில் உப்பு விளைவிப்போரின் பிழைப்பு என்னாகும் என்பதும் அங்கு எழுந்த வினாக்கள். அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் விற்பனைத் தெரிவுரிமை எதுவும் இன்றிக் கருவிலிருக்கும் குழந்தையின் பங்கையும் அவ்வழக்கிற் சேர்த்தெண்ணுதல் முறையாகும்.

இக்காலத்திற் புதியதோர் இடர் தோன்றியுள்ளது. இரத்த அழுத்தத்தைக் கருதி நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பைக் கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. அன்றியும், மக்கள் உண்ணும் உப்பிற் பெரும்பகுதி கடைகளில் வாங்கும் பதனிட்ட உணவுகளில் அடங்கியுள்ளது. அவற்றுள் அயடீனற்ற உப்பைக் கொண்டு செய்தவை பல. உப்புக் குறைந்தால் அயடீனும் குறையுமன்றோ எனின், இவ்விரு நோக்கமும் முரண்படுவன அல்ல. உப்பு குறையுமளவிற்கு அதிற் சேரும் அயடீனை உயர்த்தினால் அமையும். சுவிற்சர்லாந்து அவ்வாறே செய்து வந்திருக்கின்றது. அந்நாட்டில் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாடசாலைப் பிள்ளைகளினதும் கருவுற்ற தாயரினதும் சிறுநீரில் அயடீன் அளந்து பார்க்கப்படுகின்றது. 1922இல் ஒரு கிலோகிராம் உப்புக்கு 3.75 மில்லிகிராமாக இருந்த அயடீன், 1962இல் 7.5 ஆகவும், 1980இல் 15 ஆகவும், 1998இல் 20 ஆகவும், 2014இல் 25 ஆகவும் படிப்படியாக உயர்த்தப்பட்டது.